தூங்கும்போது வரும் காசு

போன வருடம் என் இடது மணிக்கட்டில் தசைநாண் வீங்கிப்போய், ஆறு வாரம் வயலினைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரம்தானே, நிறைய கேட்கலாம், படிக்கலாம் என்று முதல் நாள் பெருந்தன்மையாக இருந்தேன். மூன்றாம் நாள் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்குப் பணம் வரும் வழிகளை அன்றைக்குத்தான் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். கச்சேரி, பெரும்பாலும் பிறருக்குப் பக்கவாத்தியமாக. ஸ்டூடியோ ரிக்கார்டிங். மாணவர்கள், நேரில் 4 பேர், ஆன்லைனில் 7 பேர். எப்போதாவது ஒரு விளம்பரத்துக்கோ குறும்படத்துக்கோ சின்னதாக ஒரு இசைத்துண்டு. மாதச் சந்தா கட்டி என் வாசிப்பைக் கேட்கும் 40 சொச்சம் பேர். அப்புறம், நானே பதிவு செய்து வெளியிட்ட 11 டிராக்குகளுக்கு ஸ்ட்ரீமிங்கில், அதாவது இணையத்தில் யாராவது கேட்கும்போது, கிடைப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, கையில் கட்டோடு இது வருமா என்று எழுதிக்கொண்டே போனேன். வராது, வராது, பாதி வரும், வராது. கட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு வருவது கடைசி வரி மட்டும்தான்.

அந்தக் கடைசி வரியின் அறிக்கை அந்த மாதமும் ஒழுங்காக வந்தது. பார்க்க பிரமாதமாக இருக்கும், நூற்றுக்கணக்கான வரிகள், நாடு வாரியாக, டிராக் வாரியாக. ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் மூன்று முறை கேட்டிருக்கிறார், 0.009 டாலர். இன்னொரு நாட்டில் ஒரு முறை, 0.001. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு தந்தி வாங்கலாம். நாலு தந்தி கொண்ட செட்டை நினைத்துவிடாதீர்கள், ஒரே ஒரு தந்தி, அதுவும் இருப்பதிலேயே மெலிசான, மலிவான முதல் தந்தி.

ரிக்கார்டு விற்பனை விழுந்ததால் பாட்டுக்காரர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் வருமானம் குறைந்துவிட்டது என்று பொதுவாகப் பேசுகிறோம். தொகை குறைந்தது உண்மைதான். ஆனால் கையில் கட்டோடு உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு உறைத்தது வேறு. போனது, நாம் அந்த இடத்தில் இல்லாதபோதும் வந்த காசு. காய்ச்சலில் படுத்திருக்கும்போது, குரல் கட்டியிருக்கும்போது, வயதாகி விரல் நடுங்கும்போது வரும் காசு. மற்ற எல்லா வழியும் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் திறக்கிறது.

இதைச் சொல்லும்போதே எனக்குள் ஒரு குறும்புக்காரன் கேட்கிறான், ரிக்கார்டு விற்ற அந்தப் பொற்காலத்தில் உனக்கு என்ன கிடைத்திருக்கும்? நேர்மையாகச் சொன்னால், ஒன்றும் கிடைத்திருக்காது. ஸ்டூடியோவில் வாசிக்கிறவனுக்கு அன்றும் இன்றும் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் கூலி. வந்தான், வாசித்தான், கையெழுத்துப் போட்டான், போனான். அந்த ரிக்கார்டு ஆயிரம் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் அவனுக்கு ஒன்றுதான். அட்டைப்படத்தில் முகம் இருந்தவர்களுக்காவது கொட்டியதா என்றால் அதுவும் சந்தேகம். 1993இல் ஸ்டீவ் ஆல்பினி என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு புதுக் குழு பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போடுகிறது, 2,50,000 பிரதி விற்கிறது, எல்லா முன்பணமும் செலவும் கழித்தபின் ஆளுக்கு மிஞ்சுவது சுமார் 4,031 டாலர். கம்பெனிக்குப் போவது லட்சக்கணக்கில். ஸ்டூடியோ வாடகை, வீடியோ செலவு, விருந்து எல்லாம் குழுவின் பங்கிலிருந்துதான் பிடிக்கப்படும் என்பது அந்த ஒப்பந்தங்களின் சூட்சுமம். வானொலியும் அப்படித்தான். அமெரிக்காவில் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பணம் உண்டு, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இன்று வரை கிடையாது.

ஆக, எல்லோருக்கும் ஒரு காலத்தில் வந்துகொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு வந்தது. ஆனால் அந்தச் சிலரில் ஒருவராக ஆகலாம் என்ற வழி ஒன்று திறந்திருந்தது. அந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட். 1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கச்சேரி வாசித்தார், அதுதான் கடைசி. அப்போது அவருக்கு 31 வயது. கூட்டம், விமானம், ஹோட்டல் எதுவும் பிடிக்கவில்லை, இனி மேடை வேண்டாம் என்று முடிவு செய்து, ஸ்டூடியோவிலும் வானொலி நிலையத்திலுமே மிச்ச வாழ்க்கையை நடத்தினார். 1982 அக்டோபர் 4ஆம் தேதி இறந்தார். அதற்கு மூன்று நாள் முன்புதான் ஜப்பானில் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்திருந்தது, இது சும்மா சொல்கிறேன், தேதிகள் இப்படி உரசிக்கொள்வது எனக்குப் பிடிக்கும். இன்று 31 வயதில், கூல்ட் அளவுக்கே திறமையோடு ஒருவர், மேடை வேண்டாம், பதிவு மட்டும் போதும் என்று சொன்னால் அவருடைய மேனேஜர் முதலில் தண்ணீர் குடிப்பார், அப்புறம் வேறு ஆளைத் தேடப் போவார்.

கட்டுப் போட்ட இரண்டாவது வாரம், எனக்கு வழக்கமாக ரிக்கார்டிங் தரும் இசையமைப்பாளர் கூப்பிட்டார்.

"தம்பி, கை எப்படி இருக்கு?"

"இன்னும் நாலு வாரம் ஆகும்ணா."

"சரி விடு, இந்தத் தடவை வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். தப்பா நினைச்சுக்காத."

தப்பாக நினைக்கவில்லை. அப்புறம் விசாரித்தால், அவர் வேறு ஆளை வைத்து வாசிக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் வயலின் சாம்பிளை, அதாவது முன்பே பதிவு செய்து வைத்த ஒலித்துண்டுகளை, வைத்து கீபோர்டிலேயே முடித்துவிட்டார். வெளிவந்ததும் கேட்டேன். குற்றம் கண்டுபிடிக்கும் ஆசையோடு கேட்டும் இரண்டு இடத்தில்தான் மாட்டியது, ஒரு கமகத்திலும் வில் திரும்பும் ஒரு இடத்திலும். மற்றபடி நன்றாகவே இருந்தது. அந்த சாம்பிளும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. எங்கோ ஒரு ஸ்டூடியோவில் என்னைப்போல் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, அழுத்தமாக, வில்லை மேலே இழுத்து, கீழே இழுத்து, நாள் கணக்கில் வாசித்துக் கொடுத்திருப்பார். அவருக்கு என்ன மாதிரி ஒப்பந்தமோ, என் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் ஒரு முறைக் கூலியாகத்தான் இருக்கும். அன்று என் இடத்தில் வாசித்தது அந்த முகம் தெரியாத ஆள்தான். அவர் அப்போது தூங்கிக்கொண்டுகூட இருந்திருக்கலாம், காசு மட்டும் அவருக்கு வரவில்லை.

இந்தப் பயம் புதிதே இல்லை. 1942இல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, அவரே ஒரு காலத்தில் டிரம்பெட் வாசித்தவர். ரிக்கார்டு வந்தபின் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் ரிக்கார்டு பாடும் பெட்டி) வைத்த இடங்களில் குழுவைக் கூப்பிடுவதில்லை, வானொலியில் நேரடியாக வாசிக்க ஆள் வேண்டாம் என்கிறார்கள், நாம் வாசித்துக் கொடுத்த ரிக்கார்டே நம் வேலையைப் பறிக்கிறது என்பது அவர் வாதம். ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரும் ஸ்டூடியோவில் வாசிக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார். கம்பெனிகள் சமாளிக்கப் பார்த்தன. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை என்பதால், வாத்தியமே இல்லாமல், பின்னால் ஒரு கோரஸை மட்டும் நிறுத்திப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். டெக்கா கம்பெனி 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது, கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை பிடிவாதம் பிடித்தன. கடைசியில் கிடைத்த ஏற்பாடுதான் என்னை ஆச்சரியப்படுத்துவது: விற்கும் ஒவ்வொரு ரிக்கார்டுக்கும் ஒரு சிறு தொகையைக் கம்பெனி சங்கத்தின் நிதியில் போட வேண்டும், வேலை இல்லாத கலைஞர்களை வைத்து மக்களுக்கு இலவசக் கச்சேரி நடத்த அந்த நிதி செலவாகும். இயந்திரம் ஒருவன் வேலையைச் செய்தால் அந்த இயந்திரமே அவனுக்குப் படியளக்க வேண்டும் என்ற கணக்கு. எண்பது வருடத்துக்கு முன்னால் ஒரு டிரம்பெட்காரர் யோசித்தது.

சரி, ரிக்கார்டு விற்பனை விழுந்த கதைக்கு வருவோம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1999இல் ரிக்கார்டுத் தொழில் உச்சத்தில் இருந்தது, அதே வருடம் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் வந்தது, 2003இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடை ஒரு பாட்டை 99 சென்டுக்கு விற்க ஆரம்பித்தது, 2008இல் ஸ்ட்ரீமிங் சேவையான ஸ்பாட்டிஃபை. 2002லேயே ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி நியூயார்க் டைம்ஸ் பேட்டியில், இசை இனிமேல் குழாய்த் தண்ணீர் மாதிரி, கரண்டு மாதிரி ஆகிவிடும், நிறைய கச்சேரி செய்யத் தயாராகிக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் சொல்லியிருந்தார். (சொன்னவர் முன்னெச்சரிக்கைக்காரர். 1997லேயே தன் பழைய ஆல்பங்களின் வருங்கால ராயல்டியைக் கடன்பத்திரமாக்கி 5.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டுவிட்டார்.)

கச்சேரி செய்யுங்கள் என்பதுதான் இந்த இருபது வருடமாக எல்லோரும் இலவசமாகத் தரும் அறிவுரை. பாட்டை இலவசமாகக் கொடு, டிக்கெட்டில் சம்பாதி. பெரிய நட்சத்திரங்களுக்கு இது பலிக்கிறது. டெய்லர் ஸ்விஃப்ட் 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 மேடை ஏறினார், டிக்கெட் வசூல் 200 கோடி டாலரைத் தாண்டியது. நடுவில் இருப்பவர்களுக்கு எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பாம்ப்ளமூஸ் குழுவின் கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டே பேர் குழு. 2014இல் 28 நாள், 24 கச்சேரி. முடிந்ததும் வரவு செலவை அப்படியே பொதுவில் போட்டுவிட்டார்கள். டிக்கெட்டில் வந்தது 97,519 டாலர். சட்டை, சிடி மாதிரி சாமான் விற்றதில் 29,714. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி விளம்பரதாரராகக் கொடுத்தது 8,750. மொத்தம் 1,35,983. இதுவரை படித்தால் பொறாமை வருகிறது இல்லையா? செலவைப் பாருங்கள். விளக்கும் ஒலிக்கருவியும் சேர்ந்த மேடைச் செலவு 26,450. தங்குமிடம், சாப்பாடு 17,589. பெட்ரோல், விமானம், பார்க்கிங் 11,816. இன்ஷூரன்ஸ் 5,445. கூட வந்தவர்களின் சம்பளமும் படியும் 48,094. விற்கும் சாமான் தயாரிப்பு, விளம்பரம், அனுப்பும் செலவு 21,945. ஏஜெண்ட், மேனேஜர், வக்கீல் கமிஷன் 16,463. கூட்டினால் 1,47,802. அரங்குகள் நிறைந்து, கைதட்டி, ஆட்டோகிராஃப் வாங்கி, கடைசியில் 11,819 டாலர் நஷ்டம்.

இவ்வளவு விளக்கு எதற்கு, ஒரு வண்டியில் நாலு பேர் போயிருந்தால் லாபம் வந்திருக்குமே என்று அப்போது நிறைய பேர் அவர்களைத் திட்டினார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வண்டியில் நாலு பேர் போகிற வாழ்க்கையை நான் வாழ்ந்திருக்கிறேன், அதில் மிஞ்சுவது லாபம் என்றால் என் முதுகுவலியையும் லாபக் கணக்கில் எழுத வேண்டும். ஒரு முறை, கச்சேரி முடிந்து சிடி விற்ற காசில் கால்வாசியை அரங்கக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார், மேஜை போட இடம் கொடுத்ததற்காகவாம். நான் வாசித்ததைக் கேட்டுத்தான் அந்த மேஜைக்கு ஆள் வந்தது என்பதை அவரிடம் எந்தத் தொனியில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். 2020 மார்ச்சில் எல்லா அரங்கும் ஒரே வாரத்தில் பூட்டப்பட்டபோது, கச்சேரியை மட்டும் நம்பு என்ற அறிவுரையைச் சொன்ன ஆட்கள் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருந்தார்கள்.

பாம்ப்ளமூஸின் இருவரில் ஒருவரான ஜாக் கான்டேதான் அதற்கு முந்தைய வருடம், 2013இல், நண்பர் ஒருவரோடு சேர்ந்து பேட்ரியானைத் தொடங்கியவர். ரசிகர்கள் மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டிக் கலைஞரை நேரடியாகத் தாங்கும் ஏற்பாடு. ஆயிரம் உண்மையான ரசிகர்கள் ஆளுக்கு வருடம் 100 டாலர் கொடுத்தால் ஒரு கலைஞன் பிழைத்துக்கொள்வான் என்று அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் எழுதிய கணக்கின் மாத வடிவம் என்று சொல்லலாம். எனக்கும் அப்படித்தான் 40 சொச்சம் பேர் இருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், கை கட்டியிருந்தபோது என்னை விசாரித்தது அவர்கள்தான், விலகிப்போனது மூன்றே பேர். ஆனால் அந்தப் பணமும் நான் மறையாமல் இருக்கும்வரைதான். மாதம் ஒரு வீடியோ, வாரம் ஒரு கடிதம், கேள்விக்குப் பதில். வாசிக்க முடியாத ஆறு வாரமும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். உடம்பு மேடையில் நிற்பதற்குப் பதில் முகம் திரையில் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பேசு பேசென்று பேசி, நடுவில் கிடைக்கும் நேரத்தில் சாதகம்.

பதிவு மட்டுமே சம்பாதித்துத் தந்த ஒரு அழகான கணக்கும் உண்டு. செல்லோ கலைஞர் ஸோயி கீட்டிங் 2013ஆம் வருடத்துக்குத் தன் வருமானத்தை வெளியிட்டார். ஐடியூன்ஸில் விற்றது 38,195 டாலர், கலைஞர்கள் நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்பில் 25,575, அமேசானில் 11,571. ஸ்பாட்டிஃபையில் 4,03,035 முறை கேட்கப்பட்டதற்கு 1,764. யூட்யூபில் 19 லட்சத்துக்கு மேல் பார்வைகளுக்கு 1,248. பெரிய கம்பெனி பின்னால் இல்லாத ஒருவர், சொந்தப் பதிவுகளை விற்று, ஒரு வருடம் கௌரவமாக வாழ்ந்திருக்கிறார். அந்தக் கணக்கை இப்போது படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைவது ஒரு விஷயத்தால்: பெரிய தொகை மூன்றும் வாங்கிக் கேட்டவர்கள் கொடுத்தது. அன்று வாங்கியவர்களில் பெரும்பாலோர் இன்று சந்தா கட்டிக் கேட்கிறார்கள், நானும்தான். ஸ்பாட்டிஃபை வரியை வகுத்துப் பார்த்தால் ஒரு முறை கேட்பதற்கு அரை சென்டுக்கும் குறைவு. 10 டாலர் வர 2,200க்கு மேற்பட்ட தடவை யாராவது கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் தொழிலில் பணம் இல்லாமல் போய்விடவில்லை. 2015 முதல் உலகப் பதிவிசை வருமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, சர்வதேச ரிக்கார்டு கம்பெனிகளின் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ 2024க்குச் சொன்ன தொகை 2,960 கோடி டாலர், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஸ்ட்ரீமிங். பணம் பிரிக்கப்படும் விதம்தான் விவகாரம். நீங்கள் கட்டும் சந்தா நீங்கள் கேட்டவருக்கு நேராகப் போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான சேவைகளில் எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழுந்து, மொத்தமாக யார் எத்தனை முறை ஒலித்தார்களோ அந்த விகிதத்தில் பிரியும். நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு செல்லோக்காரரை மட்டும் கேட்டிருந்தாலும், உங்கள் காசின் பெரும்பகுதி நீங்கள் கேட்டே இராத நட்சத்திரங்களுக்குத்தான் போய்ச் சேரும். 2021இல் சவுண்ட்கிளவுட் என்ற சேவை சிறு கலைஞர்களுக்கு இதை மாற்றி, கேட்டவர் பணம் கேட்கப்பட்டவருக்கே என்று செய்து பார்த்தது. ஸ்பாட்டிஃபை 2024 முதல் வேறு திசையில் போனது, ஒரு டிராக் 12 மாதத்தில் 1,000 முறையாவது ஒலிக்காவிட்டால் அதன் பதிவுக்குப் பணமே கிடையாது. என் 11 டிராக்கில் 7 அந்தக் கோட்டுக்குக் கீழே.

இந்த உண்டியலை யாராவது கேலி செய்யாமல் விடுவார்களா? 2014இல் வல்ஃபெக் என்ற குழு 10 டிராக் கொண்ட ஒரு ஆல்பம் வெளியிட்டது. ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் 30 விநாடி ஒலித்தால்தான் கணக்கில் சேரும். பத்திலும் ஒரு சத்தமும் இல்லை, சுத்த மௌனம். ராத்திரி படுக்கும்போது இதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தூங்குங்கள், வரும் காசில் டிக்கெட் இல்லாமல் கச்சேரி நடத்துகிறோம் என்று ரசிகர்களிடம் கேட்டார்கள். ரசிகர்களும் தூங்கினார்கள். ஸ்பாட்டிஃபை எடுக்கச் சொல்லும் முன் சுமார் 20,000 டாலர் சேர்ந்துவிட்டது, சொன்னபடி இலவசக் கச்சேரியும் நடந்தது. தூக்கத்தில் காசு வந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் அதிலும் பாருங்கள், தூங்கியது ரசிகர்கள், ஓடி ஓடி வாசித்தது குழு.

பாட்டு என்பது தூங்கும்போதும் சம்பாதிக்கும் சொத்து என்று இன்று உறுதியாக நம்புகிறவர்கள் முதலீட்டாளர்கள். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் தன் பாடல்களின் உரிமையை 2020 டிசம்பரில் யுனிவர்சல் கம்பெனிக்கு விற்றார். அடுத்த டிசம்பரில் இன்னொரு பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சோனிக்கு விற்றது 50 கோடி டாலர் அளவுக்கு என்று செய்தி வந்தது. பெரியவர்கள் தங்கள் ஓய்வூதியத்தை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வயதில் அது நல்ல முடிவாகவே இருக்கலாம். வாங்குகிறவர்கள் முட்டாள்கள் இல்லை என்பதைத்தான் கவனிக்கிறேன். அந்தப் பதிவுகள் இன்னும் முப்பது நாற்பது வருடம் ஒலிக்கும், யாரோ எங்கோ கேட்டுக்கொண்டே இருப்பார்கள், சொட்டுச் சொட்டாக வரும். லட்சக்கணக்கான பாட்டை ஒரே தொட்டியில் சேர்த்து வைத்திருப்பவனுக்குச் சொட்டு ஆறாகிறது. 11 டிராக் வைத்திருப்பவனுக்குச் சொட்டு சொட்டுதான்.

ஏழாவது வாரம் கட்டு பிரித்தார்கள். முதல் நாள் பத்து நிமிடம், அடுத்த நாள் பதினைந்து என்று ஆரம்பித்தேன், சட்ஜமத்தை மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டு. இப்போது முன்பு போலவே ஓடுகிறது, கச்சேரி, ரிக்கார்டிங், ஆன்லைன் வகுப்பு. ரிக்கார்டிங் மட்டும் முன்பைவிடக் குறைவு, அந்த இசையமைப்பாளர் அண்ணனிடமிருந்து அழைப்பு வருவது அபூர்வமாகிவிட்டது. அந்தக் கட்டுக்கு முன்னால் பதிவு செய்து, மிக்சிங் முடியாமல் கிடந்த ஒரு டிராக்கைப் போன மாதம் பன்னிரண்டாவதாக வெளியிட்டேன். ஆயிரத்தைத் தொட இன்னும் 740 பாக்கி. நேற்று வகுப்பு நடுவில் முதல் தந்தி டொப்பென்று அறுந்து, எதிரே திரையில் இருந்த பையன் பயந்துவிட்டான். இந்த மாத அறிக்கை இன்னும் வரவில்லை.